வாடகை வீட்டுச் சிரிப்பு: இயக்குநர் பி. ரம்லியும் நம் தோட்டத்துத் திரையும்

பெருநாள் விடுமுறை. மதியம் சாப்பிட்டுவிட்டு டிவியைப் போட்டால், ஏதாவது ஓர் அலைவரிசையில் கறுப்பு வெள்ளையில் மூன்று ஆண்கள் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். ஒருவருக்கு மெல்லிய மீசை. பின்னால் உட்கார்ந்திருக்கும் தாத்தா, வசனம் வருவதற்கு முன்பே சிரித்துவிடுவார். "தாத்தா, இது மலாய்ப் படமாச்சே, உங்களுக்கு எப்படி இவ்வளவு மனப்பாடமா தெரியும்?" என்று கேட்டுப் பாருங்க. "தோட்டத்துல எத்தனை தடவ போட்டாங்க தெரியுமா!" என்று பதில் வரலாம்.

லாபு, ரந்தாவ், லிங்கி, பகாவ், ரொம்பின் என்று நெகிரி செம்பிலானில் ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்திருந்த காலம் அது. திடலில் இரண்டு கம்பம் நட்டு, வெள்ளைத் துணி கட்டி, படம் போடுவார்கள். எம்.ஜி.ஆர் வருவார், சிவாஜி வருவார். அவர்களுக்கு நடுவே அந்த மெல்லிய மீசைக்காரரும் வருவார். அவர்தான் பி. ரம்லி.

நடிகர், பாடகர் என்று அவரை எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவர் ஓர் இயக்குநர், அதிலும் நகைச்சுவையை முழு மூச்சாக எடுத்துச் செய்த இயக்குநர் என்பது இளையவர்கள் பலருடைய கவனத்துக்கு வருவதில்லை. அந்த இயக்குநர் உருவான கதையில் இந்தியர்களுக்கும் தமிழர்களுக்கும் ஓர் இடம் உண்டு. அதையும், அவருடைய சிரிப்பு ஏன் லயத்து வீடுகளுக்கு இவ்வளவு எளிதாக வந்து சேர்ந்தது என்பதையும் பார்ப்போம்.

சுருக்கமாக

- 1929 மார்ச் 22-ல் பினாங்கில் பிறந்தார். 1973 மே 29-ல் கோலாலம்பூரில் இறந்தார். வயது 44.
- 60-க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். 30-க்கும் மேற்பட்ட படங்களை இயக்கினார்.
- இயக்குநராக முதல் படம்: பெனாரெக் பேச்சா (1955). கடைசிப் படம்: லக்சமானா டோ ரே மி (1972).
- அவர் இயக்கிய மூன்று படங்கள் ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நகைச்சுவைப் படமாகத் தேர்வாயின.

யார் இந்த பி. ரம்லி?

இயற்பெயர் தெயுக்கு சக்காரியா. அப்பா தெயுக்கு ஞாக் புத்தே, சுமத்ராவின் ஆச்சேயிலிருந்து பினாங்குக்கு வந்தவர். 'ரம்லி' என்பது பிற்பாடு தானாக வைத்துக்கொண்ட பெயர். முன்னால் இருக்கும் 'பி' எதற்கு? 'புத்தே' என்ற அப்பா பெயரின் முதல் எழுத்து. நாம் போடுகிற தலைப்பெழுத்து மாதிரியேதான்!

ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் வளர்ந்த பையன். படிப்பை விட இசையில்தான் ஆர்வம். வயலின், கித்தார், பியானோ என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் வாசித்தார். 1947-ல் பினாங்கு வானொலி நடத்திய பாட்டுப் போட்டியில் முதல் பரிசு வாங்கினார்.

அடுத்த ஆண்டு, 1948-ல், புக்கிட் மெர்தாஜாமில் ஒரு விழா மேடையில் பாடினார். அதைக் கேட்டவர்களில் ஒருவர் பி. எஸ். ராஜ்ஹான்ஸ், இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர். 1930-களிலேயே சிங்கப்பூரில் 'லைலா மஜ்னுன்' என்ற மலாய்ப் படத்தை எடுத்தவர். "சிங்கப்பூருக்கு வா" என்று அவர் அழைத்தார். 19 வயது ரம்லி கிளம்பினார்.

ஜாலான் அம்பாஸில் என்ன நடந்தது?

சிங்கப்பூரின் பாலஸ்டியர் பகுதியில் ஜாலான் அம்பாஸ் என்று ஒரு சின்னத் தெரு. அங்கேதான் ஷா சகோதரர்களின் 'மலாய் பிலிம் புரொடக்‌ஷன்ஸ்' ஸ்டூடியோ இருந்தது.

அந்தக் காலத்து ஹாலிவுட் எப்படி இயங்கியது? நடிகர், இயக்குநர், ஒளிப்பதிவாளர், தச்சர், தையல்காரர் எல்லாரும் ஒரே கம்பெனியில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்தார்கள். படம் எடுப்பதும், அதைச் சொந்தத் திரையரங்கில் ஓட்டுவதும் ஒரே முதலாளி. ஜாலான் அம்பாஸும் அப்படித்தான். நடிகர்களுக்குத் தங்குவதற்கு வீடும் கம்பெனி கொடுத்தது.

சம்பளம், கம்பெனி வீடு, மேலே முதலாளி, நடுவில் மேலாளர். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது பழகிய ஏற்பாடு. துரை, கிராணி, கங்காணி, லயம் என்று பெயர்கள்தான் வேறு.

இன்னொரு விஷயம். முதலாளிகள் சீனர்கள். திரையில் தெரிந்தவர்கள் மலாய்க்காரர்கள். கேமராவுக்குப் பின்னால் இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தவர்களோ, ஆரம்பத்தில் பெரும்பாலும் இந்தியர்கள். ராஜ்ஹான்ஸ், எஸ். ராமநாதன், பி. என். ராவ், கே. எம். பாஸ்கர், வங்காளத்தின் பனி மஜும்தார் என்று ஒரு வரிசையே இருந்தது. படத்துக்குள் ஐந்தாறு பாட்டு, அம்மா செண்டிமெண்ட், இடையில் காமெடி என்ற இந்தியப் பட அமைப்பு மலாய்ப் படத்துக்குள் வந்தது இவர்கள் வழியாகத்தான். பழைய மலாய்ப் படங்கள் நமக்கு அந்நியமாகத் தெரியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

ரம்லியைக் கதாநாயகன் ஆக்கியது யார்?

இங்கேதான் ஒரு தமிழர் வருகிறார். எல். கிருஷ்ணன், சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர். மலாய் தெரிந்தவர் என்பதால் நடிகர்களோடு நேரடியாகப் பேசிப் படம் எடுக்க முடிந்தவர்.

ரம்லியின் முதல் படம் 'சிந்தா' (1948). அதில் அவருக்கு வில்லன் வேடம், கூடவே மற்றவருக்குப் பின்னணிக் குரல். கதாநாயகன் வேடம் எட்டாத தூரத்தில் இருந்தது. கிருஷ்ணன் தாம் இயக்கிய 'பக்தி' (1950) படத்தில் அந்த வேடத்தை அவருக்குக் கொடுத்தார். சொந்தக் குரலிலேயே பாடவும் வைத்தார். அதே ஆண்டில் 'தக்டிர் இலாஹி'யும் வந்தது. அதன் பிறகு ரம்லி திரும்பிப் பார்க்கவில்லை.

நம் நாட்டுத் திரைப்பட வரலாற்றில் எல். கிருஷ்ணன் பெயர் பெரிய பெயர். தமிழ்ப்பள்ளியில் படிக்கும் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்? இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு பெயரை ஞாபகம் வைத்துக்கொள்வதாக இருந்தால், இதை வைத்துக்கொள்ளுங்க.

நடிகர் இயக்குநரானது எப்படி?

இந்திய இயக்குநர்களின் படப்பிடிப்பில் ரம்லி சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ஒளி எப்படி வைக்கிறார்கள், காட்சியை எங்கே வெட்டுகிறார்கள் என்று கவனித்துக்கொண்டே இருந்தார். ஆனால் மலாய்க்காரர் ஒருவரிடம் இயக்குநர் பொறுப்பைக் கொடுக்கக் கம்பெனி எளிதில் துணியவில்லை. 1952-ல் ஹாஜி மஹாடி ஒரு படம் இயக்கினார், அது ஓடவில்லை. கதவு மறுபடியும் சாத்திக்கொண்டது.

1955-ல் அந்தக் கதவு ரம்லிக்குத் திறந்தது. அவர் எடுத்தது ஒரு ரிக்‌ஷாக்காரனின் கதை, 'பெனாரெக் பேச்சா'. ஏழை ரிக்‌ஷாக்காரனுக்கும் பணக்கார வீட்டுப் பெண்ணுக்கும் காதல். படம் பெரிய வெற்றி. இயக்குநர் ரம்லியை இனி யாரும் தடுக்க முடியாது என்று ஆனது.

இன்னொருவர் இயக்கத்தில் நடிப்பதையும் அவர் விடவில்லை. பனி மஜும்தார் இயக்கிய 'அனாக்கு சசாலி'யில் (1956) அப்பாவாகவும் மகனாகவும் நடித்தார். அதற்காக 1957-ல் தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது.

'புஜாங் லாப்போக்' என்றால் என்ன?

மலாயில் 'லாப்போக்' என்றால் பூசணம் பிடித்து இற்றுப்போனது. 'புஜாங்' என்றால் கல்யாணம் ஆகாதவன். வயதாகியும் கல்யாணம் ஆகாமல் 'பூசணம் பூத்துப்போன' மூன்று பேர், இதுதான் 1957-ல் வந்த 'புஜாங் லாப்போக்' படத்தின் தலைப்பு, கதை எல்லாமே.

ரம்லி, எஸ். சம்சுடின், அசிஸ் சத்தார் மூவரும் ஒரு வாடகை வீட்டில் அறை எடுத்துத் தங்குகிறார்கள். கையில் காசு நிற்பதில்லை. காதல் வருகிறது, ஆனால் கல்யாணத்துக்குப் பணம் வேண்டுமே! ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள். பக்கத்து அறையில் நடப்பது இங்கே கேட்கும். இங்கே நடப்பது தெருவுக்கே தெரியும்.

இந்தப் படத்தின் வெற்றியால் மூவர் கூட்டணி தொடர்ந்தது.

'பெண்டேக்கார் புஜாங் லாப்போக்' (1959): படகுத் துறையில் ரவுடிகளை ஒரு பெரியவர் தனியாளாக அடித்து வீழ்த்துகிறார். மூவரும் அவரிடம் சிலாட் கற்றுக்கொள்ளப் போகிறார்கள். அங்கே இன்னொரு பிரச்சினை தெரியவருகிறது. இவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வளர்ந்த ஆண்கள் மூவரும் முதியோர் வகுப்பில் எழுத்துக்கூட்டும் காட்சிக்கு இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. சுதந்திரம் கிடைத்து இரண்டே ஆண்டு ஆன நாட்டில், எழுத்தறிவு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்பதும் அந்தச் சிரிப்புக்குள் இருக்கிறது. தோட்டங்களிலும் பகலில் மரம் வெட்டிவிட்டு இரவு வகுப்புக்குப் போனவர்கள் உண்டு. இந்தப் படம் 1959-ல் கோலாலம்பூரில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நகைச்சுவைப் படம் ஆனது.

'செனிமான் புஜாங் லாப்போக்' (1961): மூவரும் நடிகர்களாக ஆசைப்பட்டு ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவுக்கே போகிறார்கள். வாசலில் சீக்கியக் காவலாளியிடம் மாட்டிக்கொள்கிறார்கள். உள்ளே போனால் வசனம் மறந்து சொதப்புகிறார்கள். வீட்டுக்கு வந்து வசனம் மனப்பாடம் செய்யலாம் என்றால் அக்கம்பக்கத்துச் சத்தம் விடவில்லை. தான் வேலை செய்யும் கம்பெனியையே ரம்லி இதில் கிண்டல் செய்தார். ஸ்ரீதர் இயக்கிய 'காதலிக்க நேரமில்லை'யில் (1964) 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' ஆரம்பித்துப் படம் எடுக்கத் துடிக்கும் நாகேஷை ரசித்திருக்கிறீங்களா? சினிமா சினிமாவையே கேலி செய்கிற அந்த விளையாட்டை, மூன்று ஆண்டு முன்னதாக நம் பக்கத்தில் ரம்லி ஆடியிருக்கிறார்.

வேறு என்ன மாதிரி நகைச்சுவை எடுத்தார்?

ஒரே அச்சில் படம் எடுப்பவர் இல்லை அவர்.

'நுஜும் பா பெலாலாங்' (1959) ஒரு மலாய் நாட்டுப்புறக் கதை. பாட்டி சொல்கிற கதை போலவே இருக்கும். ஒரு சோம்பேறி அப்பா, மகனின் தந்திரத்தால் பெரிய ஜோசியர் என்று பெயர் எடுத்துவிடுகிறார். அரண்மனைக்கும் அழைப்பு வந்துவிடுகிறது. அங்கே திருடிய இரண்டு திருடர்களின் பெயர் படான், ஞாவா, அதாவது உடல், உயிர். மாட்டிக்கொண்ட ஜோசியர் தன் உடலையும் உயிரையும் கூப்பிட்டுப் புலம்ப, மறைந்திருக்கும் திருடர்கள் தங்கள் பெயரைத்தான் சொல்கிறார் என்று நடுங்குகிறார்கள்! 1960-ல் தோக்கியோ விழாவில் இதற்கும் சிறந்த நகைச்சுவைப் பட விருது.

'லாபு டான் லாபி' (1962): கஞ்சப் பணக்காரர் ஒருவர் வீட்டில் சமையல்காரனும் காரோட்டியும். பகல் முழுக்கத் திட்டு வாங்குகிறார்கள். இரவில் படுத்துக்கொண்டு கற்பனை செய்கிறார்கள். ஒருவன் டாக்டர் ஆகிறான், ஒருவன் மாஜிஸ்திரேட் ஆகிறான். கனவில் முதலாளி அவர்கள் முன்னால் கைகட்டி நிற்க வேண்டியிருக்கிறது. (நம் ஊர் லாபுவுக்கும் இந்தப் படத்துக்கும் சம்பந்தம் இல்லை. மலாயில் லாபு என்றால் பூசணி!)

'மடு தீகா' (1964): மூன்று பெண்களை ஒருவருக்கொருவர் தெரியாமல் கட்டிக்கொண்ட ஒருவன். கடைசியில் அந்த மூன்று பெண்களும் ஒன்றுசேர்ந்தால் அவன் கதி என்ன? 1964-ல் தைப்பேய் விழாவில் மூன்றாவது நகைச்சுவை விருதை இது வாங்கித் தந்தது. இன்றைய கண்ணால் பார்த்தால் கேள்வி கேட்கத் தோன்றும் இடங்கள் இதில் உண்டு. பார்த்துவிட்டு வீட்டில் விவாதிக்கலாம்.

தோட்டத்து மக்களுக்கு ஏன் பிடித்தது?

1948 முதல் 1960 வரை மலாயாவில் அவசரகாலம். தோட்டங்களில் ஊரடங்கு, முள்வேலி, சோதனை. பொழுதுபோக்கு என்று பெரிதாக எதுவும் இல்லை. தகவல் இலாகாவின் வேன்கள் கம்பங்களுக்கும் தோட்டங்களுக்கும் போய்ப் படம் காட்டின. அரசாங்கச் செய்திப் படத்தோடு ஒரு கதைப் படமும் கிடைத்தால் திருவிழாதான். தொலைக்காட்சி நம் நாட்டுக்கு வந்ததே 1963 டிசம்பர் 28-ல். லயத்து வீடுகளுக்கு மின்சாரமும் டிவியும் வந்து சேர இன்னும் காலம் பிடித்தது.

அந்தத் திரையில் ரம்லி வந்தபோது, மொழி முழுசாகப் புரியாதவர்களும் சிரித்தார்கள். ஏன்?

முதல் காரணம், அவர் காட்டிய வாழ்க்கை. விடிவதற்கு முன் பிரட்டுக்குப் போய், மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுவையில் நின்று, மாதக் கடைசியில் சம்பளம் வாங்கி, அதைக் கடைக் கணக்குக்குக் கொடுத்துவிட்டு வருகிறவருக்கு, பையில் காசில்லாத மூன்று பேரின் பிரச்சினையை யாரும் விளக்க வேண்டாம். ஒட்டி ஒட்டிக் கட்டிய அறைகளில் ரகசியமே இல்லாத வாழ்க்கையும் அப்படித்தான். லயமும் அதுதானே?

இரண்டாவது, அவர் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார் என்பது. கஞ்ச முதலாளி, போலி வீரன், பந்தா காட்டுகிறவன், இவர்கள்தான் கேலிக்கு ஆளாகிறார்கள். இல்லாதவனும் தடுமாறுகிறான், அசடு வழிகிறான். ஆனால் கடைசியில் மானத்தோடு எழுந்து நிற்கிறான். துரையைப் பார்த்து நேரில் சிரிக்க முடியாதவர்கள், திரையில் அந்தக் கஞ்சனைப் பார்த்துச் சிரித்தார்கள்.

மூன்றாவது, அவருடைய காது. இசையமைப்பாளர் என்பதால் நகைச்சுவையிலும் தாளம் தெரியும். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே முகத்தை மட்டும் காட்ட வேண்டும், மூன்று பேர் மாறி மாறிப் பேசும்போது யார் கடைசியில் பேச வேண்டும், எல்லாம் பாட்டு மாதிரி கணக்காக இருக்கும். அந்தக் கணக்கு மொழி தாண்டியும் கேட்கும்.

சாப்ளினோடு ஒப்பிடலாமா?

ஹாலிவுட்டின் சார்லி சாப்ளின் தானே எழுதி, இயக்கி, நடித்து, இசையும் அமைத்தவர். ரம்லியும் அப்படியே. இருவரும் இல்லாதவர்களின் வாழ்க்கையிலிருந்து சிரிப்பை எடுத்தார்கள். ஆகவே ஒப்பீடு பொருந்தும், ஓர் இடம் வரைக்கும்.

பெரிய வித்தியாசம் எங்கே என்றால், உரிமையில். சாப்ளின் 1919-லேயே மூன்று நண்பர்களோடு சேர்ந்து 'யுனைடெட் ஆர்டிஸ்ட்ஸ்' என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். தான் எடுத்த படம் தனக்கே சொந்தம் என்ற நிலையை உருவாக்கிக்கொண்டார். ரம்லி கடைசிவரை கம்பெனி சம்பளக்காரர். படங்கள் ஓடின, கம்பெனி வளர்ந்தது. அந்தப் படங்கள் அவருக்குச் சொந்தமாக இருக்கவில்லை.

வெட்டுகிற மரம் வெட்டுகிறவனுக்குச் சொந்தமில்லை என்பதைத் தோட்டத்தில் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தானோ என்னவோ, இரண்டு இடத்திலும் ஒரே காலத்தில் தொழிற்சங்கம் வலுப்பெற்றது. மலாயா நடிகர்களின் சங்கமான 'பெர்சாமா' 1954-ல் உருவானது. ரம்லி அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். அதே 1954-ல்தான் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் பிறந்தது. அதை வழிநடத்திய பி. பி. நாராயணன், நெகிரி செம்பிலானில் தொழிற்சங்கப் பணியைத் தொடங்கியவர். 1957-ல் ஜாலான் அம்பாஸில் சில கலைஞர்களைக் கம்பெனி வேலையிலிருந்து நீக்கியபோது, நடிகர்கள் படப்பிடிப்பை நிறுத்தி வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். திரையில் பார்த்த முகங்களும் நம்மைப் போலச் சம்பளத்துக்காகப் போராடியவர்களே.

சரிவு எப்போது தொடங்கியது?

1964-ல் ரம்லி சிங்கப்பூரை விட்டு கோலாலம்பூருக்கு வந்தார். உலு கிள்ளானில் இருந்த மெர்டேக்கா ஸ்டூடியோவில் வேலை. இன்றைக்குத் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான ஃபினாஸ் இருக்கும் இடம் அதுதான். மறு ஆண்டு சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தது. 1967-ல் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோ மூடப்பட்டது.

புது இடத்தில் பழைய வசதி இல்லை. கருவிகள் குறைவு. கூடவே இருந்த சம்சுடினும் அசிஸ் சத்தாரும் இல்லை. ஏ. ஆர். தோம்பேல், இப்ராஹிம் டின் இருவரோடு 'டோ ரே மி' (1966) என்று புது மூவர் கூட்டணி அமைத்தார். பகலில் ஆசிரியர், இரவில் பாடகர் என்று இரட்டை வாழ்க்கை வாழும் ஒருவரின் கதையான 'மாசாம் மாசாம் மானிஸ்' (1965) இந்தக் காலத்துப் படங்களில் இன்றும் ரசிக்கப்படுகிறது.

ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. இந்தோனேசியாவுடனான மோதலால் அங்கிருந்த சந்தை போனது. வீட்டுக்குள் தொலைக்காட்சி வந்தது. ஹாங்காங் படமும் இந்திப் படமும் தமிழ்ப் படமும் கலரில் வந்தபோது, ரம்லி கறுப்பு வெள்ளையிலேயே நின்றார். நம் தோட்டத்து ரசிகர்களும் கலரில் எம்.ஜி.ஆரைப் பார்க்கப் போய்விட்டார்கள் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

தோட்டங்களுக்கும் அது நல்ல காலமாக இல்லை. வெள்ளைக்கார கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு போட்டார்கள். வேலை போன குடும்பங்கள் வெளியேறின. அதைத் தடுக்கத்தான் 1960-ல் துன் சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். ஸ்டூடியோவும் தோட்டமும், கம்பெனி தரும் வீட்டையும் வேலையையும் நம்பிய இரண்டு உலகங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே பத்தாண்டில் ஆட்டம் கண்டன.

'கெரிமிஸ்': அவர் நம்மைப் பற்றி எடுத்த படம்

இது நகைச்சுவைப் படம் இல்லை. ஆனாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது. 1968-ல் ரம்லி 'கெரிமிஸ்', அதாவது 'தூறல்', என்ற படத்தை இயக்கினார். கமால் என்ற மலாய் ஓவியனும் லீலா என்ற இந்தியப் பெண்ணும் காதலிக்கிறார்கள். லீலாவாக நடித்தவர் சந்திரா சண்முகம். இரண்டு வீட்டிலும் எதிர்ப்பு.

அடுத்த ஆண்டு 1969 மே 13. இனங்களுக்கு இடையே நாடு கண்ட மிகக் கசப்பான நாள். அதற்குச் சில மாதங்களுக்கு முன், ஒரு மலாய் இயக்குநர் இரண்டு சமூகத்தையும் ஒரே சட்டகத்துக்குள் வைத்துப் பார்க்க முயன்றிருக்கிறார். இந்திய இயக்குநர்களிடம் தொழில் கற்ற ஒருவர், இருபது ஆண்டு கழித்து இந்தியக் குடும்பத்தைத் தன் கதைக்குள் கொண்டுவந்தார் என்றும் இதைப் பார்க்கலாம்.

கடைசிக் காலம் எப்படி இருந்தது?

1972-ல் 'லக்சமானா டோ ரே மி' வந்தது. அதன் பிறகு அவருக்குப் படம் இயக்கும் வாய்ப்பு கிடைக்கவில்லை. பணக் கஷ்டம். ஒரு காலத்தில் கூட்டம் அலைமோதிய பெயர், சுவரொட்டியில் இருந்தாலும் ஆள் வராத பெயராக ஆனது.

அதே 1972-ல், இருபது ஆண்டு அமெரிக்காவுக்கு வெளியே இருந்த சாப்ளினை ஹாலிவுட் திரும்ப அழைத்து, சிறப்பு ஆஸ்கர் கொடுத்து, அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. சாப்ளின் 88 வயது வரை வாழ்ந்தார். ரம்லி 1973 மே 29-ல் மாரடைப்பால் இறந்தபோது 44. சரியாகப் பாதி வயது. அவருக்காக எழுந்து நின்ற கைதட்டல், அவர் காது கேட்கும்போது வரவில்லை.

பிறகு எல்லாம் வந்தது. கோலாலம்பூரின் முக்கியமான சாலை ஒன்றுக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. செத்தாப்பாக்கில் அவர் வாழ்ந்த வீடு 1986-ல் நினைவகமாகத் திறக்கப்பட்டது. 1990-ல் 'தான் ஸ்ரீ' விருது, இறந்து 17 ஆண்டு கழித்து.

எங்கிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்?

மலாய் நன்றாகத் தெரிந்த தலைமுறை நீங்க. தாத்தா பாட்டிக்கு இல்லாத வசதி இது. அவர்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்த இடத்தில், நீங்க வார்த்தைக்கும் சேர்த்துச் சிரிக்கலாம்.

1. செனிமான் புஜாங் லாப்போக் (1961): முதலில் இது. சினிமா எப்படி எடுத்தார்கள் என்பதும் தெரியும்.
2. பெண்டேக்கார் புஜாங் லாப்போக் (1959): முதியோர் வகுப்புக் காட்சிக்காக.
3. நுஜும் பா பெலாலாங் (1959): தம்பி தங்கைகளோடு சேர்ந்து பார்க்க.
4. லாபு டான் லாபி (1962): கனவுக் காட்சிகளுக்காக.
5. பெனாரெக் பேச்சா (1955): எல்லாம் எங்கே தொடங்கியது என்று அறிய.
6. கெரிமிஸ் (1968): கடைசியாக, பெரியவர்களோடு உட்கார்ந்து.

இதில் நமக்கு என்ன பங்கு?

'தேசியக் கலைஞர்' என்ற பட்டத்தைக் கேட்டதும், அது வேறு யாருடைய சொத்தோ என்று தள்ளி நிற்கத் தோன்றலாம். தள்ளி நிற்க அவசியமில்லை. ரம்லியைக் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர். கதாநாயகன் ஆக்கியவர் ஒரு தமிழர். இயக்கம் கற்றுக்கொண்ட பட்டறையில் பாதிக் குரல் இந்தியக் குரல். திடலில் பாய் விரித்து உட்கார்ந்து, அந்தப் படங்களுக்குக் கூட்டம் சேர்த்தவர்களில் நம் தாத்தா பாட்டியும் உண்டு. விருந்தாளிகளாக எட்டி நின்று பார்த்தவர்கள் இல்லை அவர்கள்.

இன்று சிரம்பான், நீலாய் பக்கம் போனால், பல தோட்டங்கள் இருந்த இடத்தில் வீடமைப்புப் பகுதிகள் நிற்கின்றன. தோட்டத்தின் பெயர் சில தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப் பலகையில் மட்டும் மிச்சம். வெள்ளைத் துணி கட்டிய திடல் எது என்று காட்ட ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

அடுத்த விடுமுறையில் அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் ஓடும்போது சேனலை மாற்றாதீங்க. பக்கத்தில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால், எந்தத் தோட்டத்தில், யாரோடு உட்கார்ந்து பார்த்தார்கள் என்று கேளுங்க. கேட்டதைக் கைப்பேசியில் பதிவு செய்து வையுங்க. ரம்லிக்கு நாம் தாமதமாகக் கைதட்டினோம். இவர்கள் விஷயத்திலாவது தாமதிக்க வேண்டாம்.